சைலண்ட் தண்டரும் டிம்ப்னாவின் தொண்டையும்

"இனி என் வாழ்நாளில் ஒரு டைல்ஸைக்கூடத் தொடமாட்டேன்" என்று மலாக்கி பிராஃபி சபதம் செய்தபோது அவர் குளியலறையில் இருந்தார். சபதத்துக்கு ஏற்ற இடம்தான், சுற்றிலும் டைல்ஸ். ஆனால் கேட்க ஆளில்லை. ஆகவே துண்டைக் கட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்து, அடுப்படியில் நின்ற மனைவி டிம்ப்னாவிடம் அதே சபதத்தை முதலிலிருந்து செய்தார்.

"டிம்ப்னா! இனிமே உன் தம்பி கடைக்கு நான் போகமாட்டேன். ஓடு வித்தது போதும். இனிமே ஓடறதை வெச்சுப் பிழைக்கப் போறேன்."

"என்னது, பஸ்ஸா?"

"குதிரை!"

"முதல்ல சட்டையப் போடுங்க. துண்டோட நின்னு வியாபாரம் பேசினா சளிதான் பிடிக்கும்."

மலாக்கி சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அதற்குள் வீரம் கொஞ்சம் ஆறிவிட்டது. இருந்தாலும் விடவில்லை.

"சாதாரணக் குதிரை இல்ல. பந்தயத்துல ஓடி ஓய்வு வாங்கின ஜாதிக்குதிரை. பேரு சைலண்ட் தண்டர். பொலிகுதிரையா நிறுத்தப் போறேன். இந்தப் பக்கத்துல எந்தப் பண்ணைக்குப் போனாலும் பால்மாட்டுக்கு நடுவுல ஒரு பெண்குதிரை நிக்குது. எல்லாம் நம்ம வாசலுக்குத்தான் வரும். என் குதிரை ஒண்ணும் செய்யவேண்டாம், சும்மா நின்னாலே போதும்."

"சும்மா நிக்கறதுக்கு நம்ம வீட்ல ஏற்கனவே ஒருத்தர் இருக்காரே."

"நான் சொல்றது பொலிகுதிரை!"

"எனக்கென்னமோ போலிக்குதிரைன்னு காதுல விழுது. எவ்வளவுக்கு முடிச்சீங்க?"

"ரொம்ப மலிவு."

"அப்போ போலியேதான்."

இப்படித்தான் டிப்பரரி மாவட்டத்தின் அந்த மூலையில் ஒரு குதிரைப் பண்ணை உதயமாயிற்று. டிம்ப்னா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அவளுடைய தம்பி ஃபின்டன், மலாக்கியின் வேலையை ஈஸ்டர் வரை வேறு யாருக்கும் தராமல் வைத்திருப்பதாகப் பெருந்தன்மையோடு சொல்லியிருந்தான். மலாக்கியைவிடப் பன்னிரண்டு வயது இளையவன், கடைக்கு முதலாளி. வாடிக்கையாளர் முன்னிலையில் "மாமா, அந்த டாய்லெட்டைக் கொஞ்சம் நகத்துங்க" என்று சொல்லக்கூடியவன்.

"ஈஸ்டர் அன்னிக்கு உங்க குதிரை வேலையில இருக்கணும். இல்லைன்னா நீங்க வேலையில இருக்கணும். என்ன சொல்றீங்க?" என்றாள் டிம்ப்னா.

மலாக்கி சம்மதித்தார். சம்மதிக்காமல் இருந்து அவருக்குப் பழக்கமில்லை.

பெண்குதிரைகளைக் கொண்டுவந்து சேர்க்கும் கொட்டகையை அவர் நிலத்தின் கடைக்கோடியில், மேட்டின் உச்சியில் கட்டினார். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டவர்களிடம், காற்று நன்றாக வரும், குதிரைக்கு நல்லது என்றார். காற்று நன்றாகத்தான் வந்தது. ஆனால் அது வீட்டுப் பக்கமிருந்து வராது என்பதுதான் விசேஷம். டிம்ப்னாவின் குரல் ஊரறிந்த குரல். கோயில் பாடகர் குழுவில் அவளைச் சேர்த்துக்கொண்ட நாளிலிருந்து ஆர்கன் வாசிப்பவர், வாசிப்பதுபோல் விரலை மட்டும் அசைத்துவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் எட்டாத ஓர் இடம் உலகத்தில் தனக்கென்று வேண்டும் என்பது மலாக்கியின் நெடுநாள் ஆசை. உண்மையில் குதிரைகூட அதற்கு ஒரு சாக்குத்தான்.

குதிரை வந்தது. பார்த்த கண் பூத்துப்போகும் அழகு. கருஞ்செம்மை நிறம், நெற்றியில் நட்சத்திரம், அரண்மனைப் படியில் இறங்குவதுபோல் ஒரு நடை. வண்டியிலிருந்து இறங்கியதும் மேட்டையும் வானத்தையும் மலாக்கியையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மூன்றும் சுமார்தான் என்பதுபோல் புல் மேயப் போய்விட்டது.

குதிரைகளின் பருவம் இந்த நாட்டில் காதலர் தினத்தை ஒட்டித் தொடங்குகிறது. அது யார் செய்த ஏற்பாடோ தெரியாது. முதல் வாடிக்கையாளராகப் பக்கத்துப் பண்ணை கான்லெத் ஃபீனன், தன் பெண்குதிரை ரோஸை ஓட்டிக்கொண்டு வந்தார். ரோஸ் நல்ல பருவத்தில் இருந்தாள். வாலுக்குத் துணி சுற்றி, உதைத்தால் அடிபடாமலிருக்கப் பின்னங்கால்களுக்கு மெத்துமெத்தென்று காலணி மாட்டி, கொட்டகை நடுவில் நிறுத்தினார்கள். மலாக்கி மார்பை நிமிர்த்திக்கொண்டு சைலண்ட் தண்டரைக் கூட்டிவந்தார்.

சைலண்ட் தண்டர் ரோஸைப் பார்த்தது. ரோஸ் சைலண்ட் தண்டரைப் பார்த்தாள். பிறகு சைலண்ட் தண்டர் ஒரு கொட்டாவி விட்டது.

"என்னய்யா இது, ஞாயித்துக்கிழமை பிரசங்கம் கேக்கற மாதிரி கொட்டாவி விடுது?" என்றார் கான்லெத்.

"புது இடம், கூச்சமா இருக்கும்."

"இதென்ன, எம்பொண்ணைப் பொண்ணு பார்க்கவா வந்திருக்கு? பஜ்ஜி சாப்பிட்டுட்டு ஊருக்குப் போயி லெட்டர் போடறேன்னு சொல்ற மாதிரியில்ல மூஞ்சிய வெச்சிருக்கு!"

அந்தப் பெண் பார்க்கும் படலம் பங்குனி வந்தும் முடியவில்லை. மலாக்கி தவிட்டுக் கூழில் கறுப்பு பீரைக் கலந்து கொடுத்துப் பார்த்தார். குதிரை குடித்துவிட்டுத் தூங்கியது. ரேடியோவில் காதல் பாட்டு வைத்துப் பார்த்தார். கான்லெத்தின் கண்தான் கலங்கியது. பாதிரியார் வீட்டிலிருந்து புனித நீர் வாங்கிவந்து தெளித்ததில், அன்று முழுவதும் அது முன்னைவிட ஒழுக்கமாக நடந்துகொண்டது. மதுக்கடையில் அதன் பெயரைச் சுருக்கிவிட்டார்கள். "மலாக்கி, உன் சைலண்ட் எப்படியிருக்கு? தண்டர் எப்போ வருதாம்?" என்று கேட்டார்கள். இரவில் படுத்தால் மலாக்கியின் கனவில் வரிசை வரிசையாக டாய்லெட்டுகள் வந்தன. ஒவ்வொன்றும் வாயைத் திறந்து "மாமா" என்று கூப்பிட்டது.

இப்படி நாட்கள் போய்க்கொண்டிருந்தபோதுதான் பாத்திரச் சம்பவம் நடந்தது. கூழ் கலக்கப் பெரிய பாத்திரம் வேண்டியிருந்தது. சமையலறையில் மேல்தட்டில் ஒரு பெரிய பாத்திரம் இருந்தது. மலாக்கி யோசிக்காமல் எடுத்துக்கொண்டு மேடேறிவிட்டார். கான்லெத்தும் ரோஸோடு தன் கடைசி முயற்சியாக வந்திருந்தார்.

சற்று நேரத்தில் மேட்டுக்குக் கீழே ஒரு சிவப்பு மழைக்கோட்டு தெரிந்தது. அது வரும் வேகத்தைப் பார்த்துக் கான்லெத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மலாக்கி! யோவ் மலாக்கி!"

கொட்டகைத் தகரம் அதிர்ந்தது.

"எங்கம்மா குடுத்த பாத்திரத்துல குதிரைக்குக் கூழ் கரைக்கிறீங்களா? அறிவுன்னு ஒண்ணு பிறவியிலேயே கிடையாதா, இல்ல அதையும் டைல்ஸ் கடையிலேயே வெச்சுட்டு வந்துட்டீங்களா? கிறிஸ்துமஸ்க்கு வான்கோழி வேகற பாத்திரம்யா அது! உங்க தங்கச்சி வந்து மூடியத் திறந்து மோந்து பார்த்தா நான் என்னன்னு சொல்லட்டும்? இந்த வருஷம் வான்கோழிக்குள்ள தவிடு அடைச்சேன்னு சொல்லட்டுமா? நீங்க ஒரு லாயத்துக்குக்கூட லாயக்கில்லாத மனுஷன்னு உங்கம்மாவே எங்கிட்ட…"

"டிம்ப்னா, கொஞ்சம் மெதுவா, குதிரை மிரளும்…"

குதிரை மிரளவில்லை. காதுகள் இரண்டும் நட்டுக்கொண்டன. கழுத்து வில்லாக வளைந்தது. நாசி விரிந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு கனைப்பு எழுந்தது பாருங்கள், அந்தப் பேரை வைத்தவன் எதற்காக வைத்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பின்னங்காலில் எழுந்து நின்றது. டிம்ப்னா மாமியார் பெயரிலிருந்து மாமனார் பெயருக்கு வருவதற்குள் சைலண்ட் தண்டர் தன் கடமையைச் செவ்வனே செய்து முடித்துவிட்டது.

டிம்ப்னா இதையெல்லாம் கவனிக்கவில்லை. திட்டும்போது அவள் வேறு எதையும் கவனிப்பதில்லை, அதுதான் அவளுடைய தொழில் சுத்தம். பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

"அந்தக் கூழ்ல என்னய்யா போட்ட?" என்று வாய்பிளந்தார் கான்லெத்.

மலாக்கிக்கும் கூழ்தான் காரணம் என்று தோன்றியது. ஆனால் மறுநாள் அதே கூழைக் கொடுத்தபோது குதிரை பழையபடி கொட்டாவி விட்டது. மண்டை காய்ந்துபோய், குதிரையை விற்ற ஆஸி குவிர்க்கைத் தொலைபேசியில் பிடித்தார். ஆஸி, ஒரு பெரிய பண்ணையில் பொலிகுதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"உண்மையச் சொல்லு ஆஸி. இந்தக் குதிரை உங்கிட்ட ஒழுங்கா வேலை செஞ்சுதா?"

"சிங்கம் மாதிரி செஞ்சுது. போன வருஷம்தான் திடீர்னு படுத்துடுச்சு. என்ன வைத்தியம் பார்த்தும் நடக்கல. அதான் மலிவா தள்ளிவிட்டேன், கோவிச்சுக்காதே."

"எப்போலேர்ந்து படுத்துது?"

"எப்போன்னா… எம்பொண்டாட்டி மக வீட்டுக்கு ஆஸ்திரேலியா போனாளே, அந்த வாரத்துலேர்ந்து."

"உன் பொண்டாட்டிக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல. நான் குதிரையச் சேர்க்கறப்போ வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு என்னைத் திட்டிட்டிருப்பா. டீ ஆறிப்போச்சு, வந்து குடிச்சுட்டுப் போய்யான்னு. வருஷக்கணக்கா அதான். அவ போனதும் நிம்மதியாயிருச்சு."

"உனக்கு நிம்மதியாயிருச்சு. குதிரைக்கு?"

மறுமுனையில் ஒரு டீக்கோப்பை கீழே விழுந்து உடைந்தது. பிறகு ஆஸி, "அட கடவுளே" என்றார்.

அன்று மலாக்கி சமையலறை மேசையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மனைவியின் திட்டு காதில் விழாத இடம் தேடி மேட்டுக்கு ஓடினார். ஓடின இடத்தில், திட்டு விழுந்தால்தான் பிழைப்பு என்று எழுதியிருக்கிறது. திட்டு இல்லையேல் திட்டமே இல்லை.

இதை டிம்ப்னாவிடம் சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தார். சொன்னால் கதை கந்தலாகிவிடும். தன் திட்டுக்குச் சந்தையில் மதிப்பிருக்கிறது என்று தெரிந்த மனைவியோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்த முடியுமா? எனவே தெரியாமல் பதிவு செய்ய முயன்றார். அவள் தபால்காரரைத் திட்டும்போது செல்போனில் பிடித்து, கொட்டகையில் உரக்கப் போட்டார். குதிரை செல்போனை முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்ன வந்தது. ஜாதிக்குதிரை விஷயத்தில் எல்லாமே நேரில்தான் நடக்கவேண்டும், ஊசி குழாய் என்று செயற்கை முறையில் பிறந்த குட்டியைப் பதிவேட்டில் சேர்க்கமாட்டார்கள். திட்டும் அப்படித்தான் போலிருக்கிறது.

வேறு வழியில்லை. ஒவ்வொரு பெண்குதிரை வரும்போதும் ஒரு குற்றம் செய்தாக வேண்டும். அதிலும் ஒரு நுட்பம் இருந்தது. சாதாரணக் குற்றம் என்றால் டிம்ப்னா சமையலறையில் நின்றபடியே திட்டித் தீர்த்துவிடுவாள். மழையில் மேடேறி வந்து திட்டும் அளவுக்குத் தரமான குற்றம் வேண்டும். கிளாக்கின் ஊரிலிருந்து ஒரு பெண்குதிரை வந்த அன்று, துவைத்துக் காயப்போட்ட வெள்ளைப் படுக்கை விரிப்பின் மேல் நனைந்த சேணத்தைத் தொங்கவிட்டுவிட்டு மேட்டுக்கு ஓடினார். அவள் பின்னாலேயே வந்தாள். சைலண்ட் தண்டர் வேலையை முடித்தது. அடுத்த குதிரைக்கு அவளுடைய மஞ்சள் டாஃபடில் பூப்பாத்தியைப் பண்ணை எருவால் மூடினார். அதற்கடுத்த குதிரைக்கு, அவளுடைய சோடா ரொட்டியால் கொட்டகைச் சுவரின் விரிசலை அடைத்திருப்பதாகவும் மழைக்கு அசையவேயில்லை என்றும் தபால்காரரிடம் சொல்லியனுப்பினார். அன்றைக்குக் கேட்ட திட்டுக்கு, சும்மா வேலிக்கு அப்பால் நின்ற கான்லெத்தின் எருதே கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டது.

வண்டிகள் மேட்டில் வரிசை கட்டின. பக்கத்து மாவட்டத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். "எப்படிய்யா சரிப்படுத்தின?" என்று மதுக்கடையில் கேட்டால் மலாக்கி ஞானிபோல் சிரித்து, "எல்லாம் குரல்தான்" என்பார். குதிரையிடம் பேசும் வித்தை இவருக்குத் தெரியும் என்று ஊர் நினைத்துக்கொண்டது. லேசி அம்மாள்கூட ஆள் அனுப்பினார். இந்த வட்டாரத்தில் அவருடைய பெண்குதிரைகள்தான் பரம்பரையில் உசத்தி. ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை தன் பெண்குதிரை கவுண்டெஸை அனுப்புவதாகவும், திருப்தியாக நடந்தால் லாயத்தில் உள்ள அத்தனையையும் அனுப்புவதாகவும் சொன்னார். மலாக்கி அன்று கண்ணாடி முன்னால் நின்று, ஃபின்டனுக்குச் சொல்லவேண்டிய விடைபெறும் உரையை ஒத்திகை பார்த்தார்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு விபரீதம் நடந்தது. மலாக்கி வேண்டுமென்றே சேற்றுப் பூட்ஸோடு, புதிதாகத் துடைத்த தரையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். டிம்ப்னா நிமிர்ந்து பார்த்தாள். புன்னகை செய்தாள்.

"வாங்க கண்ணு. நனைஞ்சுட்டீங்களா? டீ போடட்டுமா?"

மலாக்கி தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றார். முப்பது வருட மணவாழ்க்கையில் இந்தக் 'கண்ணு' வந்ததேயில்லை. "டிம்ப்னா, உடம்பு சரியில்லையா?" என்றார்.

"எனக்கென்ன, ஜோரா இருக்கேன். நீங்கதான் பாவம், காலைலேர்ந்து அலையறீங்க."

புதன்கிழமை அவளுடைய நீலப்பூ போட்ட டீ ஜாடியை உடைத்தார். "போகுது விடுங்க, உங்க விரல்ல பட்டுச்சா?" என்றாள். வியாழக்கிழமை, அவளுடைய பாட்டைவிடத் தன் தங்கை பாடுவது இனிமை என்றார். "ஆமாங்க, அவளுக்குத் தேன் குரல்" என்றாள். பெரிய வெள்ளியன்று, ஊரே வாயைக் கட்டியிருக்கும் நாளில், அவள் கண்ணெதிரே மூன்று துண்டு பன்றி இறைச்சி வறுத்துத் தின்றார். டிம்ப்னா அவருக்காகச் சிலுவைக்குறி போட்டுவிட்டு உப்பு எடுத்துக் கொடுத்தாள். அந்த நாட்களில் வந்த குதிரைகளெல்லாம் வந்த வழியே திரும்பின. சைலண்ட் தண்டர் வாயிலில் நின்று வீட்டுத் திசையை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது. மலாக்கியும் பக்கத்தில் நின்று அதே திசையைப் பார்த்தார்.

சனிக்கிழமை விடிந்தது. மழை. லேசி அம்மாள் குடையோடும் கவுண்டெஸோடும் வந்து இறங்கினார். வேடிக்கை பார்க்கக் கான்லெத் வந்தார். ஃபின்டன் தன் புது வேனில் வந்தான். கையில் மடித்து வைத்த ஒரு ஏப்ரன், அதில் கடையின் பெயர்.

"சும்மாதான் மாமா. பார்த்துட்டு அப்படியே உங்களையும் ஏத்திட்டுப் போகலாம்னு" என்றான்.

கடைசியாக டிம்ப்னா வந்தாள். சிவப்பு மழைக்கோட்டு, கையில் பெரிய தட்டு, தட்டில் தேநீரும் ஆப்பிள் டார்ட்டும். எல்லோருக்கும் சிரித்த முகமாகப் பரிமாறினாள். கொட்டகை நடுவில் கவுண்டெஸ் தயாராக நின்றது. எதிரே சைலண்ட் தண்டர், ஒரு காலைத் தளர்த்திவிட்டு, கண் சொருகி நின்றது. லேசி அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மலாக்கி மனைவியின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார்.

"டிம்ப்னா, என்னைக் கொஞ்சம் திட்டேன்."

"ஐயோ, உங்களையா? எதுக்குங்க?"

"எதுக்காவது! டாஃபடில் பாத்தி, டீ ஜாடி…"

"அதெல்லாம் அன்னிக்கே மறந்துட்டேன்."

"நேத்து கறி தின்னேனே!"

"அது உங்களுக்கும் ஆண்டவனுக்கும் உள்ள விஷயம். நான் எதுக்கு நடுவுல?" டிம்ப்னா அவருடைய கழுத்துப் பட்டையைச் சரிசெய்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "திங்கட்கிழமை நீங்க வெளிய போயிருந்தப்போ ஆஸின்னு ஒருத்தர் போன் பண்ணினார். அவர் பொண்டாட்டி ஆஸ்திரேலியாலேர்ந்து திரும்பி வர்றாளாம், குதிரையத் திருப்பிக் குடுப்பீங்களான்னு கேட்டார். திட்டு ரகசியத்தையும் அவரே உளறிட்டார். அம்மா, உங்க தொண்டை தங்கத் தொண்டைன்னார். எனக்குக் கூச்சமாப் போச்சு."

மலாக்கி அசடு வழிய நின்றார்.

"உனக்கு என்ன வேணும்?" என்றார் ஈனசுரத்தில்.

"குதிரை."

"என்னது?"

"குதிரை எம்பேருக்கு வரணும். வேலை செய்யறது அது, செய்ய வைக்கிறது நான். நடுவுல முதலாளின்னு நீங்க எதுக்கு?"

"டிம்ப்னா, அது என் குதிரை!"

"அப்போ நீங்களே திட்டிக்குங்க."

லேசி அம்மாள் தொண்டையைக் கனைத்தார். ஃபின்டன் ஏப்ரனை உதறி விரித்தான். மலாக்கி கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். டிம்ப்னா தன் உள்ளங்கையில் துப்பி, அந்தக் கையை நீட்டினாள். மலாக்கியும் தன் கையில் துப்பி அவள் கையில் ஓங்கித் தட்டினார். குதிரை வியாபாரத்தில் இப்படிக் கை தட்டிவிட்டால் பிறகு கோர்ட்டுக்குப் போனாலும் மாற்றமுடியாது. கான்லெத் சாட்சியாகப் பார்த்துத் தொலைத்தார்.

டிம்ப்னா மழைக்கோட்டின் பொத்தானைக் கழற்றிவிட்டு, கால்களை அகட்டி நின்று, மூச்சை இழுத்தாள்.

"மலாக்கி! யோவ் மலாக்கி! பொண்டாட்டி திட்டறதை வெச்சுக் கடை விரிச்சீங்களே, வெக்கமா இல்ல? ஊர்க்காரன் பொண்டாட்டி ரொட்டி சுட்டா புருஷன் ஜாம் தடவித் தின்பான், நீங்க சுவத்துல பூசினேன்னு சொல்லி அனுப்பறீங்க!"

சைலண்ட் தண்டர் சிலிர்த்துக்கொண்டு எழுந்தது. கொட்டகையே கிடுகிடுத்தது. லேசி அம்மாளின் குடை கை நழுவியது. மலாக்கியின் மார்பில் நம்பிக்கை பொங்கியது.

"முப்பது வருஷமா உங்களோட மாரடிக்கிறேன்! தலையெல்லாம் நரைச்சுப்போச்சு, இன்னும் புத்தி வரல! மழையில தொப்பியில்லாம நிக்கிறீங்க, சட்டையெல்லாம் ஈரம்… போன வருஷமே நெஞ்சுச்சளி வந்து… எப்படி இருமினீங்க…"

குரல் இறங்கியது. குதிரையும் இறங்கியது.

பாதியில் இறங்கிய குதிரை, எதற்கு ஏறினோம் என்று மறந்துபோனதுபோல் சுற்றுமுற்றும் பார்த்தது. டிம்ப்னா மூக்கை உறிஞ்சினாள். "என்னங்க, முடியலீங்க. உங்க மூஞ்சியப் பார்த்தா பாவமா இருக்கு" என்றாள்.

மலாக்கிக்கு அந்த நேரத்திலும் உள்ளுக்குள் ஏதோ இளகியது. இவ்வளவு நாள் அவள் தன்னை இப்படிப் பார்த்ததாக அவருக்கு நினைவில்லை. ஆனால் இளகுவதற்கு அது நேரமல்ல.

ஃபின்டன் முன்னால் வந்தான். "சரிக்கா, போதும், அழாதே. நாடகம் முடிஞ்சுது. மாமா, இந்தாங்க ஏப்ரன். ஈஸ்டர் தள்ளுபடி ஆரம்பிச்சாச்சு, டாய்லெட்டெல்லாம் இறக்கணும்."

டிம்ப்னா மெல்லத் திரும்பினாள்.

"டேய் ஃபின்டன்."

குதிரையின் ஒரு காது எழுந்தது.

"யாரைடா நாடகம்ங்கறே? கோயில்ல புது நன்மை அப்பம் வாங்கற அன்னிக்கு என் வெள்ளைக் கவுனோட என்னைச் சாணிக் குட்டையில தள்ளினவன்டா நீ! அம்மா செத்த அன்னிக்கு வந்தவங்களுக்கு வெச்சிருந்த சாண்ட்விச்சை அலமாரிக்குள்ள உக்காந்து தின்னவன்! அப்பா கடைய ரெண்டு பேருக்கும்னு சொல்லிட்டுப் போனார், அக்காவுக்கு எதுக்குக் கடைன்னு மொத்தமா அமுக்கிக்கிட்டே! எம்புருஷனை டாய்லெட் தூக்க விட்டுட்டு நீ கால்மேல கால் போட்டுக்கிட்டு…"

அன்றைக்குச் சைலண்ட் தண்டர் கனைத்த கனைப்பு ஆறு கடந்து அடுத்த ஊர் மணிக்கூண்டில் எதிரொலித்ததாகச் சொல்கிறார்கள். டிம்ப்னா ஒருமுறை மூச்சு வாங்குவதற்குள் கவுண்டெஸின் காரியம் அமோகமாக முடிந்தது. அவள் நிறுத்தவில்லை. அவள் திரும்ப ஃபின்டனின் பள்ளிப்பருவத்துக்குப் போனபோது சைலண்ட் தண்டர், இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று வாசலைப் பார்த்தது. ஃபின்டன் ஏப்ரனை முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒண்டியிருந்தான்.

"எல்லாக் குதிரையையும் அனுப்பறேன்" என்றார் லேசி அம்மாள் பரவசத்தோடு. "ஆனா அந்தத் தம்பி கண்டிப்பா இருக்கணும்."

டிம்ப்னா யோசித்தாள். அவள் யோசிப்பதை மலாக்கி பார்த்தார்.

"ஏங்க, தப்பா நினைக்காதீங்க. உங்களைத் திட்டறப்போ நடுவுல பாசம் வந்து தொண்டையை அடைக்குது. தொழிலுக்கு ஆகாது. இவனைத் திட்டறப்போ பாருங்க, அருவி மாதிரி கொட்டுது. இவன் இங்கேயே இருக்கட்டும். எங்கப்பா கடையில பாதி எனக்குன்னு இப்போ எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டான், இல்லடா?"

"ஆமாக்கா" என்றது ஏப்ரன்.

"அப்போ அந்தக் கடையப் பார்த்துக்க ஒரு ஆள் வேணுமே" என்றாள் டிம்ப்னா. ஃபின்டன் கையிலிருந்து ஏப்ரனை வாங்கி மலாக்கியின் கழுத்தில் தானே மாட்டிவிட்டு, பின்னால் முடிச்சும் போட்டாள்.

இப்போது டைல்ஸ் கடையில் மலாக்கிதான் பொறுப்பு. டாய்லெட்டை நகர்த்தச் சொல்ல யாருமில்லை, ஆகவே தானே சொல்லிக்கொண்டு தானே நகர்த்துகிறார். மேட்டில் வண்டிகளின் வரிசை சாலை வரைக்கும் நிற்கிறது. ஃபின்டனுக்கு வெளிக்காற்று ஒத்துக்கொண்டு கன்னமெல்லாம் சிவந்து, ஆள் ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறான். சாயங்காலம் மலாக்கி வீட்டுக்கு வந்தால் அப்படியோர் அமைதி. டிம்ப்னா நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து, தேன் கலந்த வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். எந்த அமைதிக்காக அவர் மேடேறினாரோ அது இப்போது வீடு முழுக்க நிறைந்திருக்கிறது, அவருக்கோ அது பொறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் மச்சினன்மேல் அவருக்குப் பொறாமை. இவருக்கு மட்டுமே சொந்தமாக இருந்த 'யோவ்' ஒன்று உண்டு. இப்போது அது 'டேய்' ஆகிவிட்டது, அதைப் பகலெல்லாம் ஊரான் குதிரைகள் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

போன வெள்ளிக்கிழமை அவருக்குத் தாங்கவில்லை. தோட்டத்துக்குப் போய்ப் பூட்ஸில் சேற்றை நன்றாக அப்பிக்கொண்டு வந்து, துடைத்த தரையில், அவள் கண்ணெதிரே, ஒரு சுற்றுச் சுற்றி நடந்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தார்.

டிம்ப்னா தரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கட்டிப்போன தொண்டையைத் தடவிக்கொண்டாள்.

"இன்னிக்கு எல்லாம் தீர்ந்துபோச்சுங்க. திட்டு வேணும்னா, நாளைக்குக் காலைல எல்லாரையும் மாதிரி ஒரு பெண்குதிரையப் பிடிச்சுக்கிட்டு வரிசையில வந்து நில்லுங்க."